சேற்றில் எந்த இடம் ஈரம், எந்த இடம் பொருக்கு? – டயோரமா கேள்வி பதில்

டயோரமா எனப்படும் சிறுவடிவக் காட்சிகளுக்கான சேற்றுத் தரை பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை 1/35 அளவில் (உண்மையில் 35 செ.மீ. என்பது இங்கே 1 செ.மீ.) இரண்டாம் உலகப் போர்க் காட்சிகள் செய்பவர்களுடையவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

1941 அக்டோபர், மாஸ்கோ போகும் மண்சாலை, ஒரு டி-34 சோவியத் டாங்கி. மண்ணும் ஃபெவிகாலும் கலந்துதான் தரை போட்டேன். காய்ந்ததும் பழுப்புப் பெயின்ட் அடித்த சிமென்ட் பூச்சு மாதிரி இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு? – சேலம் வாசகர்

கலவையில் தப்பில்லை. தரை முழுக்க ஒரே நிறம், ஒரே சொரசொரப்பு, ஒரே மினுமினுப்பு. அதுதான் பூச்சு வேலையாகக் காட்டுகிறது.

சேறு போட உட்காரும் முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும்: காட்சி நடக்கும் நேரத்தில் கடைசி மழை பெய்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது? உங்கள் காட்சிக்கு இதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த ஆண்டு அக்டோபர் 6-7 இரவில் முதல் பனி விழுந்து உடனே உருகியது. அதற்குப் பிறகு மழையும் உருகும் பனியுமாக, நவம்பரில் தரை உறையும் வரை மண்சாலைகள் காயவே இல்லை. ஆகவே வெளிறிய புழுதி நிறம் உங்கள் தரையில் எங்குமே வரக்கூடாது. அது அதே ஆண்டின் ஆகஸ்ட் மாதத்துக்குத்தான் பொருந்தும். உங்களுக்குத் தேவை நான்கு நிலைகள்: தடத்தின் அடியில் தேங்கிய கலங்கல் நீர், தடத்தின் சுவரில் பளபளக்கும் குழைசேறு, மேட்டில் மங்கலான ஈரமண், சாலையோரப் புல்லின் அடியில் மிதிபடாத கறுத்த மண்.

ஈரம் என்றால் வார்னிஷ் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். காய்ந்த மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. படும் ஒளியில் பெரும்பகுதி சிதறித் திரும்பி வருகிறது. அந்த இடைவெளியைத் தண்ணீர் நிரப்பினால் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே போய் அடங்கிவிடுகிறது. மண் கறுப்பது அதனால்தான். ஆக, ஈரம் முதலில் நிறத்தில் தெரிய வேண்டும்; பளபளப்பு அதற்கு மேல்தான். வெளிறிய மண்மேல் கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் அடித்தால் வார்னிஷ் அடித்த மண்ணாகத்தான் தெரியும்.

இப்போதிருக்கும் தரையை உடைக்க வேண்டாம். அக்ரிலிக் ரா அம்பர் (அடர் பழுப்பு) 4 பங்கு, கறுப்பு 1 பங்கு எடுத்து, பால்போல் நீர்க்க விட்டுப் பள்ளங்களில் மட்டும் ஓட விடுங்கள். அது காய்ந்ததும் இன்னொரு முறை. மேட்டுப் பகுதிக்கு ரா அம்பரோடு கொஞ்சம் மஞ்சள் ஓக்கர், கொஞ்சம் வெள்ளை சேர்த்து, தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்த்திவிட்டு மேலோடு இழுங்கள். இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் ஆயில் பெயின்டைப் பொட்டுப் பொட்டாக வைத்து, டர்பன்டைன் தோய்த்துப் பிழிந்த தூரிகையால் கலைத்துவிடுங்கள். கோடு மறையும். தரைக்குள் தெர்மாகோல் இருந்தால் டர்பன்டைன் மிகக் குறைவாக இருக்கட்டும். விரிசல் வழியாக இறங்கினால் தெர்மாகோலைக் கரைத்துத் தரையை உள்வாங்கச் செய்துவிடும்.

கடைசியில் பளபளப்பு. ஏர்பிரஷ்ஷோ ஸ்ப்ரே டப்பாவோ இதற்கு வேண்டாம். மேட்டுப் பகுதிக்குப் பளபளக்காத மேட் வார்னிஷ், நடுச்சரிவுக்கு மேட் வார்னிஷும் கிளாஸ் வார்னிஷும் சரிபாதி, தடத்தின் சுவருக்குக் கிளாஸ் மட்டும். தேய்ந்த தூரிகையால் ஒத்தி ஒத்தி வையுங்கள். எல்லைகள் ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருட்களைக் கொண்டு சேறு செய்ய அளவோடு ஒரு செய்முறை தாருங்கள். – மதுரை, ஈரோடு, யாழ்ப்பாணம் வாசகர்கள்

20 செ.மீ.க்கு 15 செ.மீ. தளத்தில் சராசரி 5 மி.மீ. கனத்துக்குச் சேறு வேண்டுமானால் 150 மி.லி. கலவை தேவை. மேடு பள்ளத்தின் உருவத்தையே சேற்றால் கட்டாதீர்கள். உயரத்தை எக்ஸ்பிஎஸ் அட்டையிலோ (கெட்டியான நுரை அட்டை) தெர்மாகோலிலோ வெட்டி எடுத்து ஒட்டிவிட்டு, அதன்மேல் சேற்றைத் தோலாகப் போர்த்துங்கள்.

கலவை: சலித்த மண் 100 மி.லி., தேங்காய் நார்த்தூள் 25 மி.லி., ஃபெவிகால் 40 மி.லி., தண்ணீர் 25 மி.லி., அடர் பழுப்பு அக்ரிலிக் 10 மி.லி., பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு துளி. தண்ணீர், பசை, பெயின்ட், சோப்பு நான்கையும் முதலில் கலக்குங்கள். பிறகு மண்ணையும் நார்த்தூளையும் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மண்ணுக்கு மண் தண்ணீர் குடிப்பது வேறுபடும் என்பதால் இந்த அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. சப்பாத்தி மாவைவிடத் தளர்ந்து, கரண்டியால் கீறினால் கீறல் மூடாமல் நிற்கும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். முதல் நாள் 3 மி.மீ., மறுநாள் 2 மி.மீ. என இரண்டு நடையாகப் போட்டால் விரிசல் குறையும். வெயில் காலத்தில் இரண்டு நாளிலும், ஐப்பசி கார்த்திகையில் நான்கைந்து நாளிலும் அடிவரை காயும்.

பெயின்டைக் கலவைக்குள்ளேயே சேர்ப்பதில் ஒரு வசதி உண்டு. பின்னால் எங்காவது பெயர்ந்தாலோ டிராக் (டாங்கியின் சங்கிலிப் பட்டை) உரசினாலோ வெள்ளை தெரியாது.

மண்ணைப் பக்குவப்படுத்தாமல் போடாதீர்கள். ஓவன் உள்ளவர்கள் 120 டிகிரியில் 40 நிமிடம் வைக்கலாம். இல்லாவிட்டால் பழைய இரும்புச் சட்டியில் நடுத்தரத் தீயில் இருபது நிமிடம் கிளறி வறுங்கள். மக்கிய இலைகள் புகையும் என்பதால் சன்னலைத் திறந்து வையுங்கள். பூச்சி முட்டையும் பூஞ்சை வித்தும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். கடற்கரை மணல் கூடாது. அதிலுள்ள உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, காயும்போது வெள்ளையாகப் பூத்துவிடும்.

அடுத்தது சலிப்பது. 1/35 அளவில் 1 மி.மீ. குருணை என்பது மூன்றரை செ.மீ. ஜல்லி. டீ வடிகட்டியில் சலித்த மண்ணிலேயே இத்தகைய ஜல்லி நிறைய இருக்கும். எனவே ஐந்தில் நான்கு பங்கை வஸ்திரகாயம் செய்துவிடுங்கள், அதாவது பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். மீதி ஒரு பங்கு மட்டும் வடிகட்டி மண்ணாக இருக்கட்டும். தேங்காய் நாரை 2 முதல் 4 மி.மீ. துண்டுகளாக நறுக்கி ஒரு சிட்டிகை தூவினால், மிதிபட்ட வைக்கோலும் புல்வேரும் கிடைத்துவிடும். நீளமாக விட்டால் கயிறு கிடப்பதுபோல் தெரியும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அது கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். டிராக் பதிக்கும் பதத்தைப் பிடிக்கவே முடியாது. ஒயிட் சிமென்ட் வால் புட்டி போடலாம். ஆனால் அது காரத்தன்மை உள்ளது. கரிம நிறமிகள் சில அதில் வெளுக்கும். அம்பர், ஓக்கர் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் தாங்கும்.

டிராக் தடம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்? நான் அழுத்தினால் சேறு டிராக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. – சென்னை, அம்பத்தூர் வாசகர்

முதலில் அகலம். 1941ஆம் ஆண்டு டி-34இன் டிராக் 55 செ.மீ.; 1/35இல் 15.7 மி.மீ. பின்னாளில் வந்தது 50 செ.மீ., அதாவது 14.3 மி.மீ. அந்நாளைய ஜெர்மன் டாங்கி பான்சர் III-இன் டிராக் வெறும் 36 அல்லது 40 செ.மீ.தான், 10.3 முதல் 11.4 மி.மீ. இந்த வித்தியாசம் தரையிலும் தெரிய வேண்டும். அகல டிராக்கின் சுமை பரந்து இறங்குகிறது, தடம் ஆழமில்லாமல் படர்ந்திருக்கும். ஒடுங்கிய டிராக் அதே சேற்றில் ஆழமாக வெட்டிக்கொண்டு இறங்கும். இரண்டுக்கும் ஒரே ஆழம் போட்டால் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும்.

ஆழத்துக்கு எல்லை வண்டியின் வயிற்றில் இருக்கிறது. டி-34இன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 40 செ.மீ.; 1/35இல் 11.4 மி.மீ. தடம் அதைவிட ஆழமானால் இரண்டு தடங்களுக்கும் நடுவிலுள்ள மேட்டை வண்டியின் வயிறு வழித்துக்கொண்டுதான் போயிருக்கும். அந்த மேடு பலகையால் தேய்த்ததுபோல் தட்டையாக, நீளவாக்கில் கோடு கோடாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு 5 முதல் 7 மி.மீ. ஆழம் நம்பும்படி இருக்கும். சிக்கிக்கொண்ட வண்டி என்றால் 11 மி.மீ. தாண்டி வயிற்றைத் தரையில் உட்கார வையுங்கள்.

இந்த ஆழத்துக்குச் சேறு போதாது. தடம் வரும் பாதையில் எக்ஸ்பிஎஸ் அட்டையை 20 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்துக்கு வாய்க்காலாகத் தோண்டிவிட்டு, அதில் இரண்டு மூன்று நடையாகச் சேற்றை நிரப்புங்கள். மேல்நடை மட்டும் பதிக்கும் நேரத்தில் ஈரமாக இருந்தால் போதும்.

ஒட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் அவசரம்தான். விரலால் தொட்டால் ஒட்டாமல், அழுத்தினால் குழிய வேண்டும். வறண்ட நாளில் இரண்டு மூன்று மணி நேரம், மழை நாளில் ஐந்து மணி நேரம்கூட ஆகலாம். மீந்த சேற்றை அதே கனத்தில் ஒரு அட்டைத் துண்டில் பூசி பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் சோதியுங்கள். மாடல் கிட்டில் மீந்த டிராக் இணைப்புகளை ஏழெட்டாக மரச்சட்டத்தில் ஒட்டி அச்சாக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, நேராக இறக்கி நேராகத் தூக்குங்கள். ரொம்பக் காய்ந்துவிட்டால் ஓரம் பொடியும். அப்போது ஸ்ப்ரேயரில் தண்ணீர் பீய்ச்சிப் பத்து நிமிடம் பொறுங்கள்.

மூன்று விஷயங்களைப் பலர் தவறவிடுகிறார்கள். டிராக் அழுத்திய இடத்து மண் மறைந்துவிடாது. பக்கவாட்டில் பிதுங்கி 2, 3 மி.மீ. வரப்பாக நிற்க வேண்டும். குழம்பாக இருக்கும் சேற்றில் டிராக் பூவேலை தெளிவாகப் பதியாது. வண்டி போனதுமே சுவர் சரிந்து மூடிவிடும். பூவேலை வேண்டுமென்றால் அந்த இடத்தை அரைப்பதமாகக் காட்டுங்கள், நீரைத் தள்ளி வையுங்கள். மூன்றாவது, புதுத் தரையில் முன்னேறும் டாங்கிக்கு முன்னால் அதன் தடம் இருக்கக்கூடாது. முன்னால் இருப்பதெல்லாம் அதற்கு முன்பு போனவர்களின் தடங்கள்.

அப்படி முன்பு போனவர்கள் டாங்கிகள் மட்டுமல்ல. 1941 படையெடுப்பில் ஜெர்மானியர் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். குதிரைக் குளம்பு சுமார் 12, 13 செ.மீ.; 1/35இல் மூன்றரை மி.மீ. செம்புக் கம்பியை அந்த அளவில் லாடமாக வளைத்து ஒரு குச்சியில் ஒட்டினால் அச்சு தயார். சோவியத் காஸ்-ஏஏ லாரியின் டயர் ஆறரை அங்குலம், தடம் 4.7 மி.மீ. ஆளின் காலடிக்கு அடி 21 மி.மீ. இடைவெளி போதும். சேற்றில் நடப்பவர் எட்டி நடக்கமாட்டார், அதைவிடக் குறைத்தாலும் சரியே. எந்தத் தடம் முந்தியது, எது பிந்தியது என்று எழுதி வைத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே பதியுங்கள்.

எங்கள் ஊர்க் கரிசல் மண்ணை உக்ரைன் கறுப்பு மண்ணாகப் பயன்படுத்தலாமா? – கோவில்பட்டி வாசகர்

நிறத்துக்குப் பயன்படுத்தலாம், கட்டுமானத்துக்குக் கூடாது. உக்ரைனின் செர்னோசெம் கறுப்பாக இருப்பது மக்கிய தாவரச் சத்து மிகுந்திருப்பதால். கரிசல் வேறு வகை. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் களி அதில் நிறைய இருக்கிறது. கோடையில் உங்கள் காட்டில் கால் இறங்கும் அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, அது உங்கள் தளத்திலும் சிறிய அளவில் நடக்கும். வீட்டில் வறுக்கும் சூட்டுக்கு அந்தக் குணம் போகாது.

ஆகவே கலவை மண்ணில் கரிசல் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மீதி ஆற்று வண்டலாகவோ நைசான மணலாகவோ இருக்கட்டும். முழுக் கரிசல் நிறம் வேண்டுமென்றால் தரை காய்ந்தபின், வஸ்திரகாயம் செய்த கரிசல் தூளைத் தூவி, தண்ணீர் ஐந்து பங்குக்கு மேட் மீடியம் (பளபளக்காத அக்ரிலிக் பசை) ஒரு பங்கு கலந்து சொட்டு சொட்டாக விடுங்கள். ஒரு மி.மீ.க்கும் மெல்லிய படலம் என்பதால் வெடிக்காது. வெயில் காலத்துக் காய்ந்த குட்டைக் காட்சி செய்பவர்களுக்கோ அந்த வெடிப்பே வரம். அங்கே பசையைக் குறைத்து முழுக் கரிசலைப் பூசி விட்டுவிடலாம்.

செம்மண் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு யோசனை. ரஷ்யக் காட்சிக்கு அது ஒத்துவராது. 1968 வியட்நாமின் கே சான் அமெரிக்கப் படைத்தளம் செய்தால் அந்தச் சிவப்பு அப்படியே பொருந்தும்.

தரை காய்ந்ததும் தளப்பலகை வில்லாக வளைந்துவிட்டது. ஓரத்தில் விரிசல். இரண்டு வாரம் கழித்துச் சாம்பல் நிறப் பூஞ்சையும் வந்தது. – நாகர்கோவில் வாசகர்

மூன்றுக்கும் மூலம் தண்ணீர். எம்டிஎஃப் பலகையின் ஒரு முகம் மட்டும் சேற்று ஈரத்தைக் குடித்து உப்பியது; பிறகு மேலே பசை சுருங்கி இழுத்தது. இனிமேல் பலகையின் இரண்டு முகங்களுக்கும் நான்கு ஓரங்களுக்கும் சாண்டிங் சீலரோ எனாமலோ இரண்டு கை அடித்துவிட்டுத் தொடங்குங்கள். கனமும் 12 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ஏற்கெனவே வளைந்ததை, அடியில் இரண்டு மரச்சட்டங்களை எபாக்சியால் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு இரவு வைத்தால் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். சேற்றில் புது விரிசல் விழும், அடைத்துக்கொள்ளுங்கள்.

விரிசலுக்குக் காரணம் தண்ணீர் மிகுதி அல்லது ஒரே நடையில் கனம். மின்விசிறிக்கு நேரே வைத்துக் காயவைத்தாலும் மேல்தோல் முந்திக் காய்ந்து வெடிக்கும். நிழலில், மேலே செய்தித்தாள் மூடிக் காயவிடுங்கள். விழுந்த விரிசலில் அதே கலவையை நீர்க்கக் கரைத்து வார்த்தால் மூடிக்கொள்ளும்.

பூஞ்சை வந்த இடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து, பல்துலக்கியால் தேய்த்து, மறுபடி தெளித்து, வெயிலில் வையுங்கள். மேலே வார்னிஷ் அடித்து மூடினால் உள்ளே வளரும். அடுத்த முறை 150 மி.லி. கலவைக்குக் கிராம்பு எண்ணெய் நான்கைந்து சொட்டு விடலாம். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது நச்சு, கையால் குழைக்கும் சேற்றுக்கு வேண்டாம். எதைக் கலந்தாலும் அடிவரை காயாத தரைமேல், தேங்கிய நீரைக் காட்டும் எபாக்சி ரெசினை ஊற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

தடத்தில் தேங்கிய நீருக்கு எபாக்சி ரெசின் ஊற்றினேன். ஒரு வாரமாகியும் பிசுபிசுக்கிறது. ஓரமெல்லாம் ரெசின் ஏறி நனைந்த மாதிரி ஆகிவிட்டது. – புதுச்சேரி வாசகர்

பிசுபிசுப்பு இரண்டு வகை. துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். போய்விட்டால், அது காற்றின் ஈரத்தால் மேலே படிந்த மெழுகுபோன்ற படலம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அடிக்கடி வரும். துடைத்தபின் கிளாஸ் வார்னிஷ் ஒரு கை அடித்தால் போதும். போகாமல் விரல் பதிந்தால், ரெசினும் ஹார்டனரும் விகிதம் தவறியிருக்கிறது. எத்தனை நாள் வைத்தாலும் அது இறுகாது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே வழி. சிறு அளவில் கண்ணால் அளக்காதீர்கள். மருந்துக் கடை சிரிஞ்சு இரண்டு வாங்கி, ஒன்று ரெசினுக்கு, ஒன்று ஹார்டனருக்கு என வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் கொள்ளளவிலா எடையிலா என்பதை டப்பாவில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

ஓரத்தில் ஏறியதற்குக் காரணம் மண்ணின் துளைகள். ஊற்றும் முன் பள்ளத்தின் அடிக்கும் சுவருக்கும் கிளாஸ் வார்னிஷ் இரண்டு கை கொடுத்து அடைத்திருக்க வேண்டும். அப்படியும் ஓரத்தில் மெல்லிய ஏற்றம் இருக்கும்; இறுகியபின் அதன்மேல் மேட் மீடியமும் பிக்மென்ட்டும் (நிறத்தூள்) ஒத்தி மறைக்கலாம். ஒரு நடைக்கு 3 மி.மீ.க்கு மேல் ஊற்றாதீர்கள். குமிழிகளை ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில், தள்ளிப் பிடித்து விரட்டலாம்.

சாலைத் தடத்து நீர் தெளிந்திருக்காது. இறுகாத ரெசினில் ஓக்கர், அம்பர் பிக்மென்ட்டை ஊசி நுனியளவு, அல்லது ஆயில் பெயின்ட் கடுகளவு சேர்த்துக் கலக்குங்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைச் சேர்த்தால் ரெசின் கலங்கி, இறுகுவதும் கெடலாம். முதல் நடை கலங்கலாகவும் கடைசி நடை சற்றே தெளிவாகவும் இருந்தால் ஆழம் தெரியும். ஒரே தடத்தில் தொடர்ந்து கிடக்கும் குட்டைகள் எல்லாம் ஒரே நீர்மட்டத்தில் இருக்கின்றனவா என்று தளத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். தளம் சாய்ந்திருந்தால் ரெசின் உண்மையைச் சொல்லிவிடும். ஊற்றும் முன் ரசமட்டம் வையுங்கள்.

ஊற்றும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். இறுகாத எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க விடாது.

தரை நன்றாக வந்தது. டாங்கியை மேலே வைத்தால் பொம்மையை வைத்ததுபோல் தனியாக நிற்கிறது. – கோலாலம்பூர் வாசகர்

எடை காட்டவில்லை, சேறும் வண்டியில் ஏறவில்லை. உண்மையான டி-34 சுமார் 26 டன். உங்கள் கிட் சில நூறு கிராம். அந்த எடையை நீங்கள்தான் திருகால் தர வேண்டும். வண்டியின் அடியில் இரண்டு நட்டுகளை எபாக்சியால் பதித்து, தளத்தின் கீழிருந்து 3 மி.மீ. போல்ட் போட்டு இறுக்குங்கள். டிராக்கின் கீழ் முகம் முழுக்க மண்ணில் அழுந்தும். மிஞ்சும் இடுக்குகளில் நீர்த்த சேற்றை சிரிஞ்சால் செலுத்துங்கள். வண்டிக்கு அடியில் வெளிச்சக் கீற்று எங்கும் தெரியக்கூடாது.

வண்டியில் ஏறும் சேறு தரைக் கலவையின் அதே மண்ணாக இருக்க வேண்டும். தரை போடும்போதே வஸ்திரகாயம் செய்த மண்ணில் 50 மி.லி. தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதோடு மேட் மீடியம் குழைத்து முதலில் சக்கர இடைவெளி, ஃபெண்டரின் உள்பக்கம், பின்பக்கத் தகடு ஆகிய இடங்களில் திட்டாக வையுங்கள். இது பழைய சேறு. நிறம் வெளிறி, மங்கலாக இருக்கட்டும். அதன்மேல் அம்பர் சேர்த்துக் கறுத்த கலவையைக் குட்டை மயிர்த் தூரிகையில் எடுத்து, ஏர்பிரஷ் காற்றால் ஊதித் தெறிக்க விடுங்கள். சக்கரம் சுழலும் திசையிலிருந்துதான் தெறிப்பு வர வேண்டும். தேவையில்லாத இடங்களைக் காகிதத்தால் மூடுங்கள். கடைசியில் கிளாஸ் கலந்த ஈரச் சேறு, டிராக்கிலும் கீழ்ச் சக்கரங்களிலும் மட்டும்.

சேறு நிற்காத இடங்களும் உண்டு. டிராக்கின் உள்முகத்தில் சக்கரம் உருளும் பாதை, வழிகாட்டிப் பல்லின் பக்கங்கள் தேய்ந்து உலோகமாக மின்னும். 6பி பென்சில் கரியை விரலில் தேய்த்து அங்கே தடவுங்கள். கோபுரத்தின் மேல் சேறு வைப்பதானால் ஆள் ஏறிய பூட்ஸ் அடையாளமாக வையுங்கள். வேறு வழியில் அங்கே சேறு ஏறுவது அரிது.

இதே முறை 1/72க்கு? – திருச்சி வாசகர்

மண்ணே வேண்டாம். மெல்லிய மண்ணும் அந்த அளவில் கூழாங்கல் ஆகிவிடும். டைல் கிரவுட் பவுடரும் மேட் மீடியமும் பிக்மென்ட்டும் போதும். 30 செ.மீ. ஆழத் தடம் அங்கே 4 மி.மீ.தான். பளபளப்பையும் ஒரு படி குறையுங்கள். முழுக் கிளாஸ் சிறு அளவில் கண்ணாடித் துண்டுபோல் துருத்தும்.

வெளிநாட்டுச் சேறு டப்பாக்கள் விலைக்குத் தகுமா? – பெங்களூரு வாசகர்

மேல்தோலுக்குத் தகும். வல்லேஹோவின் ரஷ்யன் மட், டமியாவின் டயோரமா டெக்ஸ்சர் பெயின்ட் போன்றவற்றில் துகள் ஒரே சீராக, நிறம் நம்பகமாக இருக்கிறது. 100 மி.லி. டப்பா 3 மி.மீ. கனத்துக்கு 330 சதுர செ.மீ. வரும். அதற்கு மேல் கனமாகப் பூசினால் இதுவும் வெடிக்கும். அடித்தளம் முழுக்க அதைக் கொட்டுவது வீண் செலவு. நம் கலவையால் உருவம் கொடுத்துவிட்டு, கண் முதலில் விழும் வண்டியைச் சுற்றிய இடத்தில் மட்டும் ஒரு மி.மீ. பூசுங்கள்.

1917 பாஷென்டேல் போர்க்களம் செய்கிறேன். குண்டுக் குழிகளும் பலகை நடைபாதையும். ரஷ்யச் சேற்றிலிருந்து எப்படி வேறுபடுத்துவது? – டொரன்டோ வாசகர்

ரஷ்யச் சாலை சக்கரத்தால் குழைந்தது. பாஷென்டேல் இருக்கும் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிச் சேறு குண்டால் குழைந்தது. ஜூலை 31 தாக்குதலுக்கு முன்பு மட்டும் பிரிட்டிஷ் பீரங்கிகள் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. கீழே நீர் இறங்காத களிமண், மேலே வயல்களின் வடிகால்கள் சிதைந்து போயின, ஆகஸ்டில் கனமழை. தண்ணீர் போக வழியே இல்லை. ஆகவே உங்கள் தரையில் நேர்கோட்டுத் தடங்கள் குறைவாகவும், ஒன்றையொன்று தின்ற குழிகள் நிறையவும் இருக்க வேண்டும். புதுக் குழியின் விளிம்பு கூர்மையாக, பழைய குழியின் விளிம்பு மழையில் கரைந்து வழவழப்பாக இருக்கும். வெவ்வேறு அளவு உருண்டைகளைச் சேற்றில் அழுத்தி எடுப்பது எளிய வழி. ஆனால் எல்லாக் குழியும் கச்சிதமான வட்டமாகிவிடும். ஒன்றின் சுவரை மற்றொன்று உடைக்கும்படி மேலே மேலே பதியுங்கள்.

நிறத்தில் பழுப்போடு சாம்பல் கலக்க வேண்டும். ரா அம்பர் 3 பங்கு, நடுத்தரச் சாம்பல் 2 பங்கு நல்ல தொடக்கம். குழியின் அடியிலிருந்து வாரி வீசப்பட்ட களி இன்னும் நீலச்சாம்பலாக, விளிம்பில் கட்டி கட்டியாகக் கிடக்கும். இதற்குக் கலவையில் நார்த்தூள் சேர்க்காதீர்கள். புல்லும் வேரும் அங்கே எப்போதோ போய்விட்டன. நீருக்கு மஞ்சள் பச்சை சாயல், மேலே எண்ணெய்ப் படலமாகக் கிளாஸ் வார்னிஷ் சில இடங்களில்.

பலகை நடைபாதையைச் சேறு காயும் முன்பே பதித்துவிடுங்கள். பிறகு ஒட்டினால் மேலே மிதப்பதுபோல் தெரியும். சில பலகைகள் ஒரு பக்கம் அமிழ்ந்து, சட்டங்களின் இடுக்கு வழியாகச் சேறு மேலே பிதுங்கட்டும். நடந்த பூட்ஸ்களின் சேறு பலகையின் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். பலகையின் பக்கத்தில் காலடித் தடம் போடுவதானால் ஒன்றிரண்டு போதும். பலகையை விட்டு இறங்கியவர் முழங்கால் வரை புதைந்திருப்பார். அந்த இடத்தில் காலடிக்குப் பதிலாக, சுவர் சரிந்து பாதி மூடிய, நீர் ஊறிய ஒரு குழிதான் வேண்டும்.